எங்கள் பாயை மிதித்தவர்கள்

ஒவ்வொரு குளிர்காலத்திலும் ஒரு சனி, ஞாயிறு எங்கள் வீட்டுத் தட்டுகள் தானாக ஆடும். தாராவியில் எங்கள் சந்துக்கும் அந்தப் பெரிய மைதானத்துக்கும் நடுவில் ஓர் ஆறும் ஒரு ரோடும்தான். அங்கே மேடை போட்டு இரண்டு நாள் பாட்டு நடத்துவார்கள். பாட்டு எங்கள் வீடு வரைக்கும் வராது. அடி மட்டும் வரும். தம், தம் என்று தகரச் சுவர் வழியாக வந்து, ஸ்டாண்டில் அடுக்கிய எவர்சில்வர் தட்டுகளைக் கிணுகிணுக்க வைக்கும். என் மனைவி பருப்பு டப்பாவைக் கையால் பிடித்துக்கொண்டு, "ஆளக் கூப்பிட மாட்டானுவ, சத்தத்த மட்டும் அனுப்பி வைப்பானுவ" என்பாள்.

என் மகள் அந்த இரண்டு நாளும் சுவரில் முதுகை ஒட்டி உட்கார்ந்திருப்பாள். முதுகால் கேட்பாள்.

இந்த ஊரில் பிறந்து வளர்கிற தமிழ்ப் பிள்ளைகளே, இதை உங்களுக்காக எழுதுகிறேன். உங்களில் பலர் தமிழை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பீர்கள் என்று தெரியும். நானும் எட்டாவதுக்கு மேல் படிக்கவில்லை. அதனால் நம் இரண்டு பேருக்கும் தோதாகச் சின்னச் சின்ன வாக்கியமாக எழுதுகிறேன். பிள்ளைகளுக்கு எழுதும்போது சிரித்த முகத்தோடு எழுத வேண்டும் என்பார்கள். இந்த விஷயத்தை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வரவில்லை. கோபம்தான் வருகிறது. அதை மறைத்து எழுத எனக்குத் தெரியாது.

என் மகளுக்குப் பதினான்கு வயது. பிறக்கும்போதே இடது இடுப்பு எலும்பு குழியில் சரியாகப் பொருந்தவில்லை. இரண்டு முறை ஆபரேஷன் ஆகிவிட்டது. நடப்பாள். படி ஏறுவாள். பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஆனால் ஒரே இடத்தில் நிற்க முடியாது. கொஞ்ச நேரத்தில் வலி பிடித்து உதட்டைக் கடிக்க ஆரம்பிப்பாள். அவள் உதட்டைக் கடித்தால் நாங்கள் உட்கார இடம் தேட வேண்டும் என்று அர்த்தம்.

அவளுக்கு டிரம்ஸ் என்றால் உயிர். பக்கெட்டைக் கவிழ்த்து உட்கார்ந்து, பெயிண்ட் டப்பாவையும் டப்பா மூடிகளையும் சுற்றி வைத்துக்கொண்டு அடிப்பாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் சுவரைத் தட்டுவார்கள். அதையும் தாளத்தில் சேர்த்துக்கொள்வாள். போன வருஷம் மாட்டுங்காவில் ஓர் இசை வகுப்புக்குக் கூட்டிப் போனேன். அங்கே மாஸ்டர் நல்ல மனுஷர். காபி கொடுத்தார். அவளை நடக்கச் சொல்லிப் பார்த்தார். பிறகு சொன்னார்.

"குழந்தே, இது நோக்கு வேண்டாம்மா. ஹை-ஹாட்னு ஒண்ணு இருக்கு பாரு, அதை எடது காலாலதான் மிதிக்கணும். மணிக்கணக்கா மிதிக்கணும். கீபோர்டு எடுத்துக்கோயேன், நன்னா வரும்."

ஹை-ஹாட் என்பது ஒன்றன்மேல் ஒன்றாக மாட்டிய இரண்டு பித்தளைத் தட்டு. கீழே ஒரு மிதி இருக்கும். மிதித்தால் தட்டுகள் சேரும், விட்டால் பிரியும். என் மகள் அந்த மிதியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அதன் பிறகுதான் போனில் ஒரு பெண்ணைக் காட்டினாள். ஒரு மியூசிக் பாண்டில் டிரம்ஸ் அடிக்கிற பெண். தலைமுடியெல்லாம் பறக்க அடிக்கிறாள்.

"எல்லா வீடியோவுலயும் கையயும் முடியயும்தாம்ப்பா காட்டுதாங்க. காலக் காட்டவே மாட்டேங்காங்க. இந்த அக்கா எடது கால எப்பிடி வைக்காங்கன்னு ஒரு வாட்டி நேர்ல பாத்துட்டாப் போதும். என்னால முடியுமா முடியாதான்னு நானே சொல்லிருவேன்."

அந்தப் பெண்ணின் பாண்ட் இந்த வருஷம் ஆற்றுக்கு அந்தப் பக்கம் நடக்கும் விழாவுக்கு வருகிறது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், சின்ன மேடையில்.

நான் பை தைக்கும் பட்டறையில் ஸிப் வைக்கிற வேலை பார்க்கிறேன். விழாவுக்கு வருகிற பெரிய விருந்தாளிகளுக்குக் கொடுக்க ஆரஞ்சு நிறத்தில் தோள்பை தைக்கும் ஆர்டர் எங்களுக்குத்தான் வந்தது. வேலை முடிந்ததும் எங்கள் சேட்டுக்கு மூன்று பாஸ் கொடுத்தார்கள். இரண்டு நாளைக்கும் செல்லும் பாஸ். அவர் "இந்தக் கூத்தை நான் எங்கே போய்ப் பார்க்க" என்று என் கையில் கொடுத்துவிட்டார். வீட்டில் அன்றைக்குத் தீபாவளிதான்.

இப்போது நாங்கள் செய்த தப்பைச் சொல்கிறேன். எங்கள் சொந்த ஊர்ப் பக்கம் கோயில் கொடைத் திருவிழா என்றால் ராத்திரி நடக்கிற கச்சேரிக்கு மத்தியானமே போய்ப் பாய் விரித்துவிடுவோம். பாய் விரித்தால் அந்த இடம் அந்த வீட்டுக்காரருக்கு. ஆள் இல்லாவிட்டாலும் பாய் இருக்கும். அடுத்தவர் பாயைச் செருப்புக் காலோடு யாரும் மிதிக்க மாட்டார்கள். குறுக்கே போக வேண்டுமானால் ஓரத்தை மடக்கிவிட்டுப் போவார்கள். இல்லையென்றால் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு போவார்கள். இதை யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுத்ததில்லை. தாராவியிலும் செம்பூரிலும் எங்கள் ஜனங்கள் எல்லோருக்கும் தெரியும். உலகத்துக்கே தெரியும் என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம்.

சனிக்கிழமை மத்தியானம் போனோம். என் மனைவி மயில் படம் போட்ட பிளாஸ்டிக் பாயைச் சுருட்டி அக்குளில் வைத்திருந்தாள். கேட்டில் புளிச்சோற்று டப்பாவையும் தண்ணீர் பாட்டிலையும் பிடுங்கிக் கூடையில் போட்டார்கள். பாயைப் பார்த்து இரண்டு பேர் பேசிக்கொண்டார்கள். கொண்டுவரக் கூடாத சாமான்களில் பாய் இல்லை போலிருக்கிறது. விட்டுவிட்டார்கள்.

சின்ன மேடைக்கு நேர் முன்னால் பாயை விரித்தோம். மைதானம் காலியாகக் கிடந்தது. நாளைக்கு எங்கே உட்கார்ந்தால் டிரம்ஸ் தெரியும் என்று இன்றைக்கே பார்த்து வைக்கலாம் என்பது என் கணக்கு. வெயில் மண்டையைப் பிளந்தது. போகிற வருகிற பையன்கள் எங்களைப் போட்டோ எடுத்தார்கள். ஒருத்தன் வந்து, "அங்கிள், பிக்னிக்கா?" என்று இந்தியில் கேட்டான். "ஆமாம், வா, நீயும் உட்கார்" என்றேன். அப்போது எனக்குக் கோபம் இல்லை.

கூட்டம் வந்தது. யாரும் உட்காரவில்லை. எங்களைச் சுற்றிக் கால்களாக நின்றன. பாட்டு ஆரம்பித்ததும் கால்கள் எல்லாம் குதித்தன. முதல் ஷூ பாயின் ஓரத்தில் விழுந்தது. அடுத்தது மயிலின் தலையில்.

என் மனைவி கொடையில் கத்துகிற மாதிரியே கத்தினாள். "உக்காருங்கய்யா, மறைக்குதுல்லா!" ஒருவரும் திரும்பவில்லை. பிறகு இந்தியில் கத்தினாள். "பைட்டோ! பைட்டோ!" இரண்டு பெண்கள் திரும்பிப் பார்த்துச் சிரித்துவிட்டு அதையே பாட்டு மாதிரிச் சொல்லிக்கொண்டு குதித்தார்கள். நான் எழுந்து பாயைச் சுற்றிக் கையை விரித்து நின்றேன். ஒருத்தன் என் தோளில் கை போட்டு ஆடினான். அவன் கையைத் தட்டிவிட்டேன். அவன் கையில் இருந்த பீர் பாயில் கொட்டியது. அவன்தான் என்னைத் திட்டினான்.

என் மகள் எழுந்து நின்று பார்த்தாள். முதுகுகள்தான் தெரிந்தன. உதட்டைக் கடிக்க ஆரம்பித்தாள். நாங்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு வெளியே வந்தோம்.

வரும் வழியில்தான் அதைப் பார்த்தேன். மேடைக்கு இடது பக்கம், மார்பு உயரத்துக்கு மரத்தில் ஓர் உயர்ந்த தளம் கட்டியிருந்தார்கள். ஏறிப் போகச் சாய்வாக ஒரு பாதை. பக்கத்தில் ஒரு போர்டு. போர்டில் சக்கர நாற்காலிப் படம்.

"பாத்தியா தாயி, உன்ன மாதிரி ஆளுங்களுக்குன்னு இடம் வச்சிருக்காங்க. நாளைக்கு நேரா இங்கனதான்" என்றேன். அந்தப் படத்தைப் பார்த்து எனக்கு அவ்வளவு நிம்மதி. மைதானக்காரர்களை மனதுக்குள் வாழ்த்தினேன். அதை நினைத்தால்தான் இப்போது வயிறு எரிகிறது.

மறுநாள் கிளம்பும்போது என் மனைவி மறுபடியும் பாயை எடுத்தாள். அது வேண்டாம் என்றேன்.

"நேத்து மிதிச்சானுவன்னு பாயத் தூரப் போடச் சொல்லுதியளா? மிதிச்சவன் காலத் தூரப் போட்டானா?" என்றாள். பாயை அக்குளில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தாள்.

சாய்வுப் பாதையின் அடியில் கறுப்பு டீ-ஷர்ட் போட்ட காவலாளி நின்றான். முப்பது வயது இருக்கும். கையில் வாக்கி-டாக்கி. கையில் நீலப் பட்டை கட்டியவர்களுக்குத்தான் மேலே இடம் என்றான். நீலப் பட்டை எங்கே கிடைக்கும் என்று கேட்டேன். கவுண்டரைக் காட்டினான். கவுண்டரில் இருந்த பெண், முன்னாலேயே எழுதிக் கேட்டிருக்க வேண்டும், இன்றைக்கு இடம் நிறைந்துவிட்டது என்றாள். திரும்பி வந்து அந்தத் தளத்தை நிமிர்ந்து பார்த்தேன்.

சோபா போட்டு உட்கார்ந்திருந்தார்கள். கையில் கிளாஸ். சிலர் நின்று ஆடிக்கொண்டிருந்தார்கள். ஒரு சக்கர நாற்காலிகூட இல்லை. எல்லார் தோளிலும் ஆரஞ்சுப் பை. நான் ஸிப் வைத்த பை.

காவலாளியிடம் என் மகளின் இடுப்பைப் பற்றி இந்தியில் சொன்னேன். ஆபரேஷனைச் சொன்னேன். நிற்க முடியாது, ஒரு ஓரமாக உட்கார்ந்தால் போதும் என்று கெஞ்சினேன். ஆமாம், கெஞ்சினேன். அவன் அவள் காலை மேலும் கீழும் பார்த்தான். நன்றாகத்தானே இருக்கிறாள் என்றான்.

"ஸரா சல்கே திகாவ்."

கொஞ்சம் நடந்து காட்டு. அதைத்தான் கேட்டான்.

பிள்ளைகளே, என் மகள் பிறந்ததிலிருந்து நடந்து காட்டிக்கொண்டுதான் இருக்கிறாள். ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்கிறார், அது அவர் வேலை. பள்ளிக்கூடத்தில் விளையாட்டுப் பீரியட்டுக்கு வர முடியாது என்றதற்கு, மொத்த வகுப்பின் முன்னால் நடக்கச் சொன்னார்கள். குர்லாவில் ரயில் ஏறும்போது ஊனமுற்றவர்கள் பெட்டியில், ஒரு குறையும் இல்லாமல் காலை நீட்டி உட்கார்ந்திருப்பவன்தான் முதலில் கேட்பான், உனக்கு என்ன குறை என்று. மாட்டுங்கா மாஸ்டரும் காபி கொடுத்துவிட்டு அதைத்தான் கேட்டார்.

ஆனால் எனக்குத் தலைக்கு ஏறியது அந்தக் கேள்வியால் இல்லை. அவன் கேட்டு முடிக்குமுன் என் மகள் காலை எடுத்து வைத்துவிட்டாள். பழக்கம். சொன்னால் நடப்பாள். பாவாடையை லேசாகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, எல்லோர் முன்னாலும் ஓர் அடி வைத்துவிட்டாள்.

"நில்லுட்டி!" என்று கத்தினேன்.

அவள் நின்றாள். நான் மேலே சோபாவில் இருந்தவர்களைப் பார்த்து இந்தியில் கத்தினேன். "நீங்க நடந்து காட்டுனீங்களா? யாரு காட்டுனா? இறங்கி வாங்க, ஒவ்வொருத்தரா நடந்து காட்டுங்க! என் பொண்ணு உக்காந்து பாக்கட்டும்!" தொண்டை கிழிந்தது. மேலே ஒருத்தன் போனை எடுத்து என்னைப் படம் பிடித்தான். இன்னொருத்தி, யாரோ குடித்துவிட்டுக் கலாட்டா செய்கிறான் என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள். கையில் கிளாஸ் வைத்திருந்தவள் அவள்.

காவலாளி என் கையைப் பிடித்தான். உதறினேன். அப்போது என் மகள் பேசினாள்.

"ப்பா, நீ கத்தாத. நான் நடந்து காட்ட மாட்டேன். இங்கேருந்து போகவும் மாட்டேன். யம்மா, பாய விரி."

என் மனைவி ஒரு கேள்வி கேட்கவில்லை. கயிற்றை அவிழ்த்துச் சாய்வுப் பாதையின் குறுக்கே, இந்தக் கைப்பிடிக் கம்பிக்கும் அந்தக் கம்பிக்கும் நடுவில், பாயை அகலமாக விரித்தாள். மூன்று பேரும் செருப்பைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டு ஏறி உட்கார்ந்தோம்.

காவலாளி எங்களைத் தூக்கிவிட வேகமாக வந்தான். பாய் ஓரம் வரைக்கும் வந்தான். பூட்ஸ் காலைத் தூக்கினான். தூக்கிய காலைப் பின்னால் வைத்தான்.

அந்த மைதானத்தில் இரண்டு நாளாக எத்தனையோ கால்களைப் பார்த்துவிட்டோம். எங்கள் பாயைக் கண்டு நின்ற முதல் கால் அது. என் மனைவிக்கு உடனே புரிந்துவிட்டது. தமிழில் கேட்டாள்.

"ஏன் வே நின்னுட்டீரு? மிதியும். நேத்து ஊரே மிதிச்சுது."

அவன் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குனிந்தான். "யக்கா, எந்திரிச்சிருங்கக்கா. என் வேலை போயிரும்."

"தமிழாடே நீ?" என்றேன்.

"செம்பூருண்ணே. அம்மாவுக்குத் தென்காசிப் பக்கம்."

"நாங்க பேசுனதெல்லாம் வெளங்கிச்சுல்லா? பொறவு எதுக்குடே இந்தியில கேட்ட?"

அவன் என் மகளைப் பார்த்தான். பிறகு பாயில் இருந்த மயிலைப் பார்த்தான்.

"தமிழ்ல கேக்க வாய் வரலண்ணே."

உங்களுக்கு அவன்மேல் இரக்கம் வரலாம். என் மனைவிக்கு வந்தது. எனக்கு இன்னும் கோபம்தான் கூடியது. வாய் வராத கேள்வியை வேறு பாஷையில் கேட்டால் அது நல்ல கேள்வி ஆகிவிடுமா? அந்தக் கேள்வியை அவனுக்குச் சொல்லிக் கொடுத்து நிறுத்திவிட்டு, மேலே சோபாவுக்கு ஆள் ஏற்றியவர்கள் யாரோ, அவர்கள்மேல் அதைவிடக் கோபம். அவர்கள் முகம்கூட எனக்குத் தெரியாது. தெரிந்த முகம் அவனுடையதுதான், அதனால் அவனையே முறைத்தேன்.

அவன் வாக்கி-டாக்கியில் ஏதோ சொன்னான். பிறகு எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டான்.

மேலே இருந்தவர்களுக்குக் கீழே இறங்க வேண்டியிருந்தது. கிளாஸ் காலியாகிவிட்டது அல்லவா? முதலில் ஒரு பையன் வந்தான். ஆரஞ்சுப் பை, வெள்ளை ஷூ. என் மனைவி கையை நீட்டித் தடுத்தாள். "ஜூத்தா நிகாலோ. கழட்டிட்டுப் போ." அவன் திகைத்துவிட்டு, ஷூவைக் கழற்றிக் கையில் பிடித்து, சாரி ஆன்ட்டி என்று சொல்லிக்கொண்டே நுனிக்காலில் தாண்டினான். கறுப்பு முதுகு குலுங்கியது. காவலாளி சிரிக்கிறான். அடுத்து வந்த பெரிய மனுஷன் என் மனைவியின் கையைப் பார்க்கவே இல்லை. ஷூவோடு மிதித்துக்கொண்டு இறங்கினான். என் மகள் அந்த அச்சை உள்ளங்கையால் துடைத்தாள். "திரும்பி வருவாருல்லா?" என்றாள் அம்மாவிடம். திரும்பி வரும்போது அவன் வேறு பக்கமாக, கம்பியைப் பிடித்து ஏறித் தளத்தில் தொப்பென்று விழுந்தான். அந்த இரண்டு நாளில் நாங்கள் மூன்று பேரும் சேர்ந்து சிரித்தது அதற்கு மட்டும்தான்.

அந்தப் பெண்ணின் பாண்ட் மேடைக்கு வந்தது. சோபாவில் இருந்தவர்களுக்கு மேடை எப்படித் தெரிந்ததோ எனக்குத் தெரியாது. நாங்கள் உட்கார்ந்த சாய்வு, மேடையின் இடது பக்க வாசலுக்கு நேராக இருந்தது. பாடுகிறவர்கள் முதுகு காட்டினார்கள். டிரம்ஸ் மட்டும் பக்கவாட்டில் முழுசாகத் தெரிந்தது. ஸ்டூல், முழங்கால், மிதி, எல்லாம்.

அந்தப் பெண் ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு உட்கார்ந்தாள். அடிக்க ஆரம்பித்தாள். எங்கள் வீட்டுத் தட்டுகளை ஆட்டுகிற அடி, இப்போது என் விலா எலும்பை ஆட்டியது. கூட்டம் அவள் கையைப் பார்த்துக் கூச்சல் போட்டது. என் மகள் கைகளைத் தரையில் ஊன்றி, முன்னால் குனிந்து, கண் சிமிட்டாமல் அந்த இடது காலையே பார்த்தாள்.

குதிகால் மிதியில் பதிந்தே இருந்தது. முன்பாதம் மட்டும் ஏறி இறங்கியது. பஸ்ஸில் உட்கார்ந்து பாட்டுக் கேட்கிறவர்கள் கால் ஆட்டுவார்களே, அவ்வளவுதான். சில இடங்களில் கால் சும்மா கிடந்தது.

"இடுப்பே அசையலப்பா" என்றாள். சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை. என் காதைப் பிடித்து இழுத்து மறுபடியும் கத்தினாள். "இடுப்பே அசையல!"

மூன்றாவது பாட்டின்போது கழுத்தில் அட்டை மாட்டிய ஒரு மானேஜர் வந்தான். காவலாளியைத் திட்டினான். எங்களைக் காட்டிக் கையை வீசினான். காவலாளி திரும்பி, வாயைத் திறந்து, மூடினான். நான் சட்டைக் கையை மடக்கினேன். இந்த ஆளிடம் கேட்க எனக்கு நிறைய இருந்தது.

என் மகள் எழுந்துவிட்டாள். "பாத்தாச்சு. போலாம்ப்பா." காவலாளியிடம், "அண்ணே, வாரோம்" என்றாள். அவளே பாயைச் சுருட்டினாள்.

நான் கேட்க நினைத்தது எதையும் கேட்காமல் வந்தேன். அதை இங்கே கேட்கிறேன். போர்டில் படம் வரைந்து வைக்கிறார்கள், படத்தைப் பார்த்து வருகிறவர்களை நடந்து காட்டச் சொல்கிறார்கள், அந்த இடத்தில் வேறு ஆட்களுக்குச் சோபா போடுகிறார்கள். இது எப்படிச் சரி? உங்களில் யாராவது பெரிய வேலைக்குப் போய், இப்படி ஒரு போர்டு வைக்கிற இடத்தில் உட்காருவீர்கள். அப்போது இந்தக் கேள்விக்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும். அதுவரைக்கும் நான் கோபமாகத்தான் இருப்பேன்.

அடுத்த சனிக்கிழமை மாட்டுங்கா வகுப்புக்குப் போனோம். "நீ வாசல்லயே நில்லுப்பா. பேசாத" என்று சொல்லித்தான் கூட்டிப் போனாள். மாஸ்டர் அவளைப் பார்த்ததும், கீபோர்டு பக்கம் கையைக் காட்டி, "வாம்மா, வாம்மா" என்றார். "கால் எப்படி இருக்கு? எங்கே, இப்படிக் கொஞ்சம் நட பார்ப்போம்."

"நடந்து காட்ட மாட்டேன் சார். உக்காந்து காட்டுதேன்" என்றாள்.

அவர் பதில் சொல்லுமுன் டிரம்ஸ் ஸ்டூலில் போய் உட்கார்ந்தாள். செருப்பைக் கழற்றினாள். குதிகாலை மிதியில் பதித்தாள். நான் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடித்து நின்றேன். பித்தளைத் தட்டுகள் சேர்ந்து 'சிக்' என்றன. மறுபடியும் 'சிக்'. அடுத்தது கொஞ்சம் பிந்தியது. அதற்கு அடுத்தது சரியாக விழுந்தது.

மாஸ்டர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, அவள் பக்கத்தில் தரையில் குத்த வைத்து உட்கார்ந்து, அந்தக் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.